ஓர் அணு கனத்தில் ஓர் இழுப்பு

“மாமா, அலுமினியம் பூசுனா தகடு வளையுதுன்னு சொல்லுதாவளே, பூச்சு என்ன அம்புட்டு கனமா?” என்று கேட்டான் தங்கை மகன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்திருக்கிறான். கங்கைகொண்டான் சிப்காட்டில் ஏதாவது ஒரு சோலார் கம்பெனிக்குள் நுழைந்துவிட வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் ஆசை. நான் இயற்பியல் வாத்தியாராக இருந்தவன் என்பதால் என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். நாற்கரச் சாலையோரத்து டீக்கடை. லாரி போகும்போது மட்டும் பேச்சை நிறுத்திக்கொள்ள வேண்டும், மற்றபடி பாடம் நடத்தத் தோதான இடம்தான்.

கேள்வி இந்த ஊருக்கு ஏற்றதுதான். ஒருபக்கம் சிற்றாறு, ஒருபக்கம் புள்ளிமான் சரணாலயம் என்று கிடந்த கங்கைகொண்டான் இன்று சூரிய மின்கலம் செய்யும் ஊர். டாடா பவர் நிறுவனத்தின் டி.பி. சோலார் இங்கே 4.3 ஜிகாவாட் திறனுள்ள ஆலையை நடத்துகிறது. 2022 ஜூலையில் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டார்கள், 2025 பிப்ரவரியில் முதலமைச்சர் திறந்துவைத்தார். அதே பயணத்தில் விக்ரம் சோலார் ஆலைக்கும் அடிக்கல் நாட்டினார். டி.பி. சோலாரில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பான்மை பெண்கள். ஆக, மருமகனுக்குப் போட்டி அவன் வகுப்புப் பையன்கள் இல்லை, அவன் அக்காவின் சேக்காளிகள்தான். சொன்னேன், அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

வேஃபர் என்கிற சிலிக்கான் வில்லை ஒன்றின் அளவைச் சொல்லிவிடுகிறேன். இப்போது பரவலாக இருக்கும் அளவுகளில் ஒன்று 182 மி.மீ. பக்கமுள்ள சதுரம். கனம் மட்டும் 0.15 மி.மீ. அளவுதான். கையில் எடுத்தால் அப்பளம் போலத்தான், அதைவிடவும் சுலபமாக உடையும். இதன் முதுகில் அலுமினியப் பசையை அச்சடித்து, 750 டிகிரிக்கு மேல் சூடான உலைக்குள் சில வினாடி ஓட்டி எடுத்தால், மறுபக்கம் வரும்போது தகடு லேசாகக் குழிந்திருக்கும். ஏன் என்பதுதான் அவன் கேள்வி. பூச்சின் கனம் 30 மைக்ரான் இருந்தால் அதிகம், அதாவது வில்லையின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் நான் அவனுக்குச் சொல்ல நினைத்தது அலுமினியத்தைவிட விசித்திரமான ஒன்று. ஐந்தில் ஒரு பங்கு வேண்டாம். ஒரே ஓர் அணு கனத்தில் உலோகம் படிந்தாலும் தகடு வளையும். உலோகமே படியாமல் இருந்தாலும், படிகத்தின் வெறும் மேற்பரப்பே தன்னைத்தானே இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

முதலில் வளைவு. பக்கத்து மேசைக்காரர் குப்பையில் போட்ட சிகரெட் பெட்டியிலிருந்து சில்வர் பேப்பரை உருவினேன். அலுமினியத் தாளையும் காகிதத்தையும் பசையால் ஒட்டியது அது. விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்து, அண்ணாச்சியிடம் கேட்டுக்கொண்டு, அடுப்புக்கு மேலே இடுக்கியில் பிடித்தோம். சொல்லி வைத்தாற்போல் சுருண்டது. காகிதம் உள்பக்கம், அலுமினியம் வெளிப்பக்கம். “ஏம்ல இந்தப் பக்கம் சுருளுது, அந்தப் பக்கம் சுருளாம?” என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரியாகச் சொன்னான். சூட்டில் அலுமினியம் நீளப் பார்க்கிறது. காகிதமோ ஈரம் போய்ச் சுருங்கப் பார்க்கிறது. இரண்டும் ஒட்டிக் கிடப்பதால் யாரும் தன் இஷ்டத்துக்குப் போக முடியாது. நீள நினைத்தது வெளிவளைவை எடுத்துக்கொள்கிறது, சுருங்க நினைத்தது உள்வளைவை எடுத்துக்கொள்கிறது.

இதை நன்றாக மனதில் வாங்கிக்கொண்டால் பாதிக் கதை முடிந்தது. பூச்சு சுருங்க விரும்பி, அடித்தகடு அதைச் சுருங்க விடாமல் பிடித்து வைத்திருந்தால் பூச்சுக்குள் இருப்பது இழுதகைவு. அப்போது தகடு பூச்சு இருக்கும் பக்கமாகக் குழியும். பூச்சு விரிய விரும்பி, விரிய முடியாமல் நெருக்குண்டு இருந்தால் அது அமுக்கத் தகைவு. அப்போது பூச்சுப் பக்கம் புடைக்கும். வளைவின் திசையைப் பார்த்தே உள்ளே நடப்பது எந்தச் சண்டை என்று சொல்லிவிடலாம். எவ்வளவு வளைந்தது என்று அளந்தால் சண்டையின் வேகத்தையும் சொல்லிவிடலாம்.

அப்படி முதலில் அளந்தவர் ஓர் இன்ஜினியர். ஜார்ஜ் ஜெரால்ட் ஸ்டோனி, அயர்லாந்துக்காரர், நீராவி டர்பைனுக்குப் பேர்போன பார்சன்ஸிடம் வேலை பார்த்தவர். எலெக்ட்ரான் என்ற பெயரை வைத்த ஜான்ஸ்டன் ஸ்டோனியின் மகன். மின்முலாம் போடும்போது நிக்கல் ஓர் அளவுக்கு மேல் கனத்தால், ஒட்டு பலமாக இல்லாத இடத்தில் தானாகவே உரிந்து சுருண்டு கொள்வதை அவர் கவனித்தார். மெல்லிய எஃகு அடிக்கோல்களை எடுத்து ஒரு பக்கம் மட்டும் நிக்கல் பூசினார். கோல் வளைந்தது. எவ்வளவு வளைந்தது என்பதிலிருந்து நிக்கலுக்குள் இருக்கும் இழுப்பைக் கணக்கிட ஒரு சமன்பாட்டை எழுதி 1909-இல் கட்டுரையாக வெளியிட்டார். அந்தச் சமன்பாட்டைத்தான் இன்றைக்கும் சிப் ஆலைகளில் பயன்படுத்துகிறார்கள். ஸ்டோனி குறுகலான பட்டையைக் கையாண்டதால், தகடு இரண்டு திசையிலும் வளைவதற்கான ஒரு திருத்தம் பின்னால் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

சமன்பாட்டின் அழகு எங்கே இருக்கிறது என்றால், பூச்சின் குணங்கள் எதையும் அது கேட்பதில்லை. பூச்சு நிக்கலா, வெள்ளியா, அதன் யங் குணகம் என்ன என்று கவலைப்படாது. அடித்தகட்டின் கனமும் விறைப்பும் வளைவும் தெரிந்தால் போதும், பூச்சு தன் விளிம்பின் ஒவ்வொரு மீட்டருக்கும் எத்தனை நியூட்டன் விசையோடு இழுக்கிறது என்று வந்துவிடும். ஒரு மெல்லிய படலத்துக்கு உள்ளே போய் யாரும் தராசு வைக்க முடியாது. ஆனால் அதைச் சுமக்கிற தகடே தராசாகிவிடுகிறது.

கணக்கை டீக்கடை பில் தாளிலேயே போட்டோம். 0.3 மி.மீ. கனமுள்ள சிலிக்கான் தகடு. மீட்டருக்கு 1 நியூட்டன் இழுக்கும் படலம், அதாவது ஒரு மீட்டர் நீள விளிம்பில் நூறு கிராம் எடையைத் தொங்கவிட்ட மாதிரி. வளைவின் ஆரம் 2.7 கிலோமீட்டர் வருகிறது. அவ்வளவு பெரிய வட்டத்தின் ஒரு துணுக்குதான் அந்தத் தகடு. ஒரு செ.மீ. நீளத் தகட்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டால் மறுமுனை தூக்குவது 18 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தகட்டின் மேல் லேசர் கதிரை அடித்துத் திரும்பி வரும் புள்ளியை ஐந்து மீட்டர் தள்ளிப் பார்த்தால் அது 37 மைக்ரான் நகர்ந்திருக்கும். அதை அளக்க முடியும். ஆய்வகத்தில் உணர்திறன் மிக்க ஒளிக்கண்டறியியை வைத்துக்கொண்டு, இன்னும் கிட்டத்திலேயே, இதைவிடவும் சின்ன நகர்வையெல்லாம் அளக்கிறார்கள்.

இதில் ஒரு விஷயத்தை மருமகனை அடிக்கோடு போடச் சொன்னேன். தகட்டின் கனம் பாதியானால் வளைவு இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. 0.15 மி.மீ. தகட்டுக்கு மேலே சொன்ன 2.7 கிலோமீட்டர், 675 மீட்டராகச் சுருங்கிவிடும்.

சரி, அந்த 1 நியூட்டன் எங்கிருந்து வருகிறது? அவன் கேட்காவிட்டாலும் நான் சொல்லியிருப்பேன், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது.

பதினோராம் வகுப்பில் பரப்பு இழுவிசை படித்திருப்போம். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன். நீரின் மேற்பரப்பை நீ நீட்டினால், உள்ளே இருக்கும் மூலக்கூறுகள் மேலே வந்து புது இடத்தை நிரப்பிக்கொள்ளும். ஒவ்வொரு மூலக்கூறும் நிற்கும் நெருக்கம் மாறாது. அதனால் புதிதாகப் பரப்பு உண்டாக்க ஆகும் ஆற்றலும், இருக்கும் பரப்பை நீட்ட ஆகும் விசையும் திரவத்தில் ஒரே எண். திடப்பொருளில் அந்தச் சலுகை கிடையாது. ஒரு செம்புப் படிகத்தின் மேற்பரப்பை நீட்டினால் உள்ளிருந்து யாரும் எழுந்து வரமாட்டார்கள். இருக்கிற அணுக்களேதான் ஒன்றையொன்று விட்டு விலகி நிற்க வேண்டும். வெட்டிப் புதுப் பரப்பு உண்டாக்குவது ஒரு செலவு, இருக்கும் பரப்பை நீட்டுவது வேறொரு செலவு. முதலாவது பரப்பு ஆற்றல், இரண்டாவது பரப்புத் தகைவு. அமெரிக்காவின் கிப்ஸ் 19-ஆம் நூற்றாண்டிலேயே இந்த வேறுபாட்டைச் சொல்லிவிட்டார். 1950-இல் ஷட்டில்வொர்த் என்பவர் இரண்டையும் இணைக்கும் சமன்பாட்டை எழுதினார். ஆனாலும் இன்றுவரை பல பாடப்புத்தகங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகின்றன. வாத்தியார்களும்தான்.

உலோகங்களின் பரப்புத் தகைவு பெரும்பாலும் மீட்டருக்கு 1 முதல் 5 நியூட்டன் வரை இருக்கும். தண்ணீரைவிடப் பத்துப் பதினைந்து மடங்கிலிருந்து எழுபது மடங்கு வரை. அதுவும் பெரும்பாலும் இழுதகைவு, அதாவது மேற்பரப்பு சுருங்கப் பார்க்கிறது. காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். தங்கப் படிகத்துக்குள் இருக்கும் ஓர் அணுவுக்கு 12 அண்டை அணுக்கள். மிக நெருக்கமாக அடுக்கப்பட்ட மேற்பரப்பில் இருக்கும் அணுவுக்கு 9 தான், மேலே இருந்திருக்க வேண்டிய மூன்று இல்லை. அவற்றோடு பிணைப்புக்குப் போயிருக்க வேண்டிய எலெக்ட்ரான் அடர்த்தி இப்போது பக்கவாட்டுப் பிணைப்புகளுக்குத் திரும்புகிறது. பக்கவாட்டுப் பிணைப்பு பலமாகிறது, குறுகப் பார்க்கிறது. ஆனால் கீழே இருக்கும் அடுக்கு தன் இடைவெளியை விட்டுக்கொடுப்பதில்லை. ஆகவே மேலடுக்கு நிரந்தரமாக இழுபட்ட நிலையிலேயே நிற்கிறது.

தங்கம் ஒரு கட்டத்துக்கு மேல் பொறுப்பதில்லை. அந்த நெருக்கமான பரப்பில் கீழடுக்கின் 22 இடங்களுக்கு மேலே 23 அணுக்களை உட்கார்த்திவிடுகிறது. கோவில்பட்டி பஸ்ஸின் கடைசி சீட்டில் ஐந்து பேர் இடத்தில் ஆறாவது ஆள் நுழைவதைப் போலத்தான், ஆனால் இங்கே உட்கார்ந்திருப்பவர்களே நெருங்கி உட்கார விரும்பி ஆளைக் கூப்பிடுகிறார்கள். இதனால் மேலடுக்கு ஒரு திசையில் நான்கு சதவீதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக நெருங்குகிறது. ஒரே திசையில் மட்டும் நெருங்கினால் மற்றத் திசைகளில் இழுப்பு மிச்சமிருக்கும் அல்லவா? அதைத் தீர்க்க, நெருங்கும் திசையைச் சீரான இடைவெளியில் மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறது தங்கம். எஸ்.டி.எம். என்கிற வருடும் ஊடுருவு நுண்ணோக்கி வந்த பிறகு, 1990 வாக்கில், இதைப் படமாகவே எடுத்துவிட்டார்கள். வளைந்து வளைந்து போகும் இரட்டைக் கோடுகள். யாரும் பூசவில்லை, யாரும் செதுக்கவில்லை. சுத்தமான தங்கம் தன் தகைவைத் தணித்துக்கொள்ளத் தானே போட்டுக்கொண்ட கோலம்.

இப்போது ஒரு படிகத்தின் மேல் வேறொரு உலோகத்தை அணு அணுவாகப் படிய விடுவோம். வெற்றிட அறை, சூடான மூசை, ஆவியாகும் வெள்ளி. அடியில் பிளாட்டினம். வெள்ளியின் படிக அலகு 4.09 ஆங்ஸ்ட்ராம், பிளாட்டினத்தின் அலகு 3.92. வெள்ளி நான்கு சதவீதம் பெரியது. முதல் அடுக்கு வெள்ளி, பிளாட்டினத்தின் இடைவெளிக்கே தன்னை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தால் அதற்குள் எவ்வளவு அமுக்கம் இருக்கும்? பெருக்கிப் பார்த்தால் 7 ஜிகா பாஸ்கலுக்கு மேல். வீடு கட்டும் டி.எம்.டி. கம்பியில் எஃப்.இ. 500 என்று அச்சிட்டிருப்பார்களே, அந்த 500 என்பது மெகா பாஸ்கல், அதாவது 0.5 ஜிகா பாஸ்கல். அந்த அளவுக்கு இழுத்தால் கம்பி நிரந்தரமாக நீண்டுவிடும். வெள்ளியின் அந்த ஓரணு அடுக்கு அதைப் போல 15 மடங்கு தகைவில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. கட்டி வெள்ளியை இவ்வளவு நெருக்கினால் அது எப்போதோ நெகிழ்ந்து போயிருக்கும். மெல்லியதாக இருப்பதுதான் அதைக் காப்பாற்றுகிறது, ஏனென்றால் தகைவைத் தணிக்கும் இடப்பெயர்ச்சிக் குறைகள் உருவாக, படலம் ஓரளவு கனத்தாக வேண்டும்.

“அப்ப கணக்கு லேசுதானே மாமா? பெரிய அணுவ சின்ன இடத்துல வச்சா அமுக்கம், சின்ன அணுவ பெரிய இடத்துல வச்சா இழுப்பு.”

எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஜெர்மனியின் ஹாலே நகரில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் டிர்க் சாண்டர், கிர்ஷ்னர் குழுவினர் 1990-களின் கடைசியில் டங்ஸ்டன் படிகத்தின் மேல் நிக்கலைப் படியவிட்டு அளந்தார்கள். பத்தில் ஒரு மி.மீ. கனத்துக்கு இழைத்த டங்ஸ்டன் பட்டை, ஒரு முனை பிடிமானத்தில், மறுமுனையில் லேசர். நிக்கல் சிறியது, டங்ஸ்டனின் இடைவெளி பெரியது. ஆகவே இழுப்பு வர வேண்டும். முதல் அடுக்கு பாதிகூட நிரம்பாத கட்டத்தில் பட்டை வளைந்தது எதிர்ப்பக்கம். அமுக்கம்!

இங்கேதான் வெறும் மேற்பரப்பின் தகைவு உள்ளே வருகிறது. டங்ஸ்டனின் சுத்தமான மேற்பரப்பு ஏற்கெனவே ஓர் இழுப்போடு இருந்தது. பட்டையின் இரு பக்கமும் அது சமமாக இருந்ததால் வளைவு தெரியவில்லை. ஒரு பக்கத்தில் நிக்கல் அணுக்கள் வந்து உட்கார்ந்ததும், அண்டை இல்லாமல் கிடந்த டங்ஸ்டன் அணுக்களுக்கு அண்டை கிடைத்தது. அந்தப் பக்கத்தின் பழைய இழுப்பு மாறியது. கருவி காட்டுவது அந்த மாற்றத்தை. முன்னால் வெள்ளிக்குப் போட்ட கணக்கையே எடுத்துக்கொள். 7 ஜிகா பாஸ்கல் என்பது பயங்கரமாகத் தெரிந்தாலும், ஓரணு கனமான 0.24 நானோமீட்டரால் பெருக்கினால் மீட்டருக்கு 2 நியூட்டனுக்கும் குறைவுதான். வெறும் மேற்பரப்பின் தகைவும் அதே அளவுதான். இரண்டு சமபலசாலிகள் மோதும்போது அணுவின் அளவை மட்டும் பார்த்து ஜெயிப்பவரைச் சொல்ல முடியாது. பத்துப் பதினைந்து அடுக்கு ஏறிய பிறகு அளவுப் பொருத்தம்தான் ராஜா. முதல் அடுக்கில் அது வெறும் ஒரு கட்சி. என் பார்வையில் இந்தத் துறையின் மிக அழகான முடிவு இதுதான், பலர் இதை ஒரு விதிவிலக்காக ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறார்கள்.

டீ ஆறிப்போயிருந்தது. வேறு இரண்டு சொன்னோம்.

அடித்தகட்டோடு அணுவுக்கு அணு பொருந்தாத இடத்தில், உதாரணமாக ஆக்சைடு மூடிய சிலிக்கானில் வெள்ளி படியும்போது, கதை இன்னும் திருப்பமுள்ளது. வெள்ளி அங்கே சமமாகப் பரவாது, தனித்தனித் தீவுகளாக முளைக்கும். ஆஸ்திரியாவின் ஆபர்மான் போன்றவர்கள் 1980-களில் இதைப் படியப் படிய அளந்து காட்டினார்கள். முதலில் சின்ன அமுக்கம். தீவுகள் வளர்ந்து ஒன்றையொன்று தொடும் கட்டத்தில் திடீரென்று பெரிய இழுப்பு. படலம் மூடிக்கொண்டு கனக்கத் தொடங்கியதும் மறுபடி அமுக்கம். நடுவில் வரும் இழுப்புக்கு ஸ்டான்ஃபோர்டின் நிக்ஸும் கிளெமன்ஸும் 1999-இல் தந்த விளக்கம் இது: இரண்டு தீவுகளுக்கு நடுவே ஒரு நானோமீட்டருக்கும் குறைந்த இடைவெளி இருக்கிறது. திறந்து கிடக்கும் இரண்டு பரப்புகளை ஒழித்து ஒரே எல்லையாக்கினால் ஆற்றல் மிச்சம். அந்த லாபத்துக்காகத் தீவுகள் தங்களை நீட்டிக்கொண்டாவது இடைவெளியை மூடிவிடுகின்றன. நீட்டியதற்கான விலை இழுதகைவு.

கடைசியில் வரும் அமுக்கம்தான் மண்டையை உடைப்பது. ஆவியை நிறுத்தினால் அமுக்கம் தானாகக் குறைகிறது, படலம் இழுப்புப் பக்கம் நகர்கிறது. மறுபடி ஆவியைத் திறந்தால் பழைய அமுக்கத்துக்கே திரும்பிவிடுகிறது. அதாவது தகைவின் ஒரு பகுதி படலத்தில் நிரந்தரமாகப் பூட்டிக் கிடக்கவில்லை, படிதல் நடக்கும்வரைதான் அது உயிரோடு இருக்கிறது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் எரிக் சேசன் குழு 2002-இல் சொன்னது: ஆவி கொட்டிக்கொண்டிருக்கும்போது மேற்பரப்பில் தேவைக்கு அதிகமான அணுக்கள் அலைகின்றன. அவை இரண்டு படிக மணிகளுக்கு நடுவிலுள்ள எல்லைக்குள் புகுந்து நெருக்குகின்றன. ஆவி நின்றதும் வெளியே வருகின்றன. பெரும்பாலோர் இதை ஏற்கிறார்கள். எனக்கும் இது சரியென்றே படுகிறது, ஆனால் எல்லா அளவீடுகளும் இந்த ஒரே விளக்கத்துக்குள் அடங்கிவிட்டதாகச் சொல்ல மாட்டேன்.

“இதெல்லாம் வெற்றிடத்துல. நம்ம ஊருல முலாம் போடுதவங்களுக்கு?” நல்ல கேள்வி. பழைய குழாயில், சைக்கிள் ஹாண்டில்பாரில் பளபள முலாம் சிராய் சிராயாக உரிவதைப் பார்க்காதவர் யார்? உரியும் துண்டை எடுத்துப் பார்த்தால் நேராக இருக்காது, சுருண்டிருக்கும். ஸ்டோனி பார்த்த அதே சுருள். அழுக்குப் போகாமல் பூசினால் ஒட்டு பலவீனமாகும், உண்மைதான். ஆனால் உரித்துத் தூக்கும் விசை வெளியிலிருந்து வரவில்லை, முலாமுக்குள்ளேயே இருந்தது. இதற்குத் தொழிலில் ஒரு வேடிக்கையான மருந்து உண்டு. நிக்கல் தொட்டியில் சாக்கரின் போடுவார்கள். சர்க்கரை நோயாளிகள் காபியில் போடும் அதே சாக்கரின்தான். லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் போட்டாலே படிகிற நிக்கலின் மணிகள் நுண்மையாகி, இழுப்பு தணியும். கூட்டினால் அமுக்கமாகவே மாறிவிடும். சாக்கரினில் உள்ள கந்தகம் கொஞ்சம் நிக்கலோடு சேர்ந்து படிவதுதான் இதற்கு விலை. பின்னால் அதிகமாகச் சூடேற்றினால் நிக்கல் நொறுங்கும் தன்மை அடையும். நம் பக்கத்தில் இந்த மாதிரி மின்வேதி விஷயங்களுக்கென்றே காரைக்குடியில் ஒரு மத்திய ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் எழுந்தது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 பொங்கல் சமயத்தில் திறந்தார்கள். நம்மூர்ப் பையன்கள் ஐ.ஐ.டி. பேரைச் சொல்லும் அளவுக்கு அதைச் சொல்வதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

இனி கங்கைகொண்டான் வில்லைக்கு வரலாம். அங்கே வேலை செய்வது அணு அளவுத் தகைவு அல்ல, வெப்பம். அலுமினியமும் சிலிக்கானும் 577 டிகிரியில் சேர்ந்து உருகும் கூட்டு. உலையிலிருந்து இறங்கும்போது அந்தப் புள்ளியில் கூட்டு உறைகிறது. அதற்குக் கீழே இரண்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டுதான் ஆற வேண்டும். டிகிரி ஒன்றுக்கு அலுமினியம் சுருங்குவது மீட்டரில் 23 மைக்ரான், சிலிக்கான் 2.6 மைக்ரான்தான். 550 டிகிரி ஆறுவதற்குள் இரண்டுக்கும் நடுவே ஒரு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்துவிடுகிறது. திண்மையான அலுமினியமாக இருந்து, நெகிழாமலும் இருந்தால் தகைவு ஒரு ஜிகா பாஸ்கலை எட்டும், வில்லை தாங்காது. பசை சுடப்பட்ட அலுமினியம் துளைகள் நிறைந்தது, மிருதுவானது, பெரும்பகுதியைத் தானே நெகிழ்ந்து விட்டுக்கொடுத்துவிடும். மிச்சம் 20 மெகா பாஸ்கல், கனம் 30 மைக்ரான் என்று வைத்துப் போட்டுப் பார்த்தோம். மீட்டருக்கு 600 நியூட்டன். 0.3 மி.மீ. வில்லையில் நடுக்குழிவு ஒரு மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. 0.15 மி.மீ. வில்லையில் மூன்றரை மி.மீ.க்கு மேல். முன்னால் அடிக்கோடு போடச் சொன்ன அந்த நான்கு மடங்குதான். சிலிக்கான் விலையைக் குறைக்க வில்லையை மெலிதாக்கிக்கொண்டே போனவர்களை வழிமறித்த தடைகளில் இந்த வளைவும் ஒன்று. வளைந்த வில்லையை ரோபோவின் உறிஞ்சுகுழல் சரியாகப் பிடிக்காது. கம்பி பற்றவைக்கும்போது அழுத்தினால் மயிரிழை விரிசல் விழும்.

தொழில் இதிலிருந்து நகர்ந்த விதத்தைப் பாருங்கள். முதுகு முழுக்க அலுமினியம் பூசிய பழைய வகையிலிருந்து, மோனோ பெர்க் வகை. அதன் பிறகு டாப்கான். கங்கைகொண்டான் ஆலை இந்தக் கடைசி இரண்டுக்குமாகத்தான் திட்டமிடப்பட்டது. டாப்கானில் முதுகில் அலுமினியப் போர்வை கிடையாது. முன்னாலும் பின்னாலும் மெல்லிய வெள்ளிக் கோடுகள் மட்டும். நோக்கம் மின்சாரத்தைக் கூட்டுவது, பின்பக்கத்திலும் ஒளியை வாங்குவது. வளைவு குறைந்தது கூடுதல் லாபம்.

“அப்ப ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல பூசிட்டா பிரச்சினையே இல்லல்லா மாமா?”

வளைவு இருக்காது. தகைவு இருக்கும். டங்ஸ்டன் பட்டை இரண்டு பக்கமும் இழுபட்டுக்கொண்டே நேராக நின்றதே, அதே நிலைதான். இரு பக்கமும் நைட்ரைடு, பாலிசிலிக்கான், வெள்ளி என்று பூசிய வில்லை கண்ணாடி போலத் தட்டையாக இருக்கும். லேசரை அடித்தால் புள்ளி நகராது, ஸ்டோனி கணக்கு பூஜ்யம் காட்டும். அந்த வில்லையைத்தான் இப்போது பாதியாக வெட்டிப் பேனலில் வைக்கிறார்கள். வெட்டுமுனையில் சமநிலை குலைகிறது, எங்கே சின்னக் கீறல் இருக்கிறதோ அங்கே பூட்டிக் கிடந்த இழுப்பு கூடுகிறது. வெட்டும்போது தப்பித்த வில்லை, மொட்டைமாடி வெயிலில் சில வருடம் கழித்து விரிசல் விடவும் கூடும்.

நேராக இருக்கும் தகட்டின் தகைவைக் காண வளைவு உதவாது என்பதால் வேறொரு வழி உண்டு. அதற்கு நம் திருச்சியில் பிறந்த ராமன் 1928-இல் கண்டுபிடித்ததுதான் அடிப்படை. சிலிக்கானில் லேசரை அடித்தால் சிதறி வரும் ஒளியில் 520 என்ற அலை எண் நகர்வில் ஒரு கூர்மையான கோடு வரும். அணுப் பிணைப்புகளின் அதிர்வுதான் அந்தக் கோடு. பிணைப்பு நெருக்குண்டால் எண் ஏறும், இழுபட்டால் இறங்கும். ஓர் எண் நகர்ந்தால் சில நூறு மெகா பாஸ்கல் தகைவு என்று பொருள். வெட்டிய விளிம்பின் மேல் லேசர் புள்ளியை மைக்ரான் மைக்ரானாக நகர்த்தி, எங்கே இழுப்பு, எங்கே அமுக்கம் என்று வரைபடமே போட்டுவிடலாம். ஆனால் பச்சை லேசர் சிலிக்கானுக்குள் ஏறத்தாழ ஒரு மைக்ரான்தான் இறங்கும். அதற்கும் கீழே 149 மைக்ரான் இருக்கிறது. அதைப் பார்க்க சிவப்பை நோக்கி நிறத்தை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எக்ஸ் கதிர்தான்.